பத்தாண்டு விசா வதிவுரிமை ஆகாது



பிரித்தானியாவின் பத்தாண்டு வருகை விசா பெற்ற நம் முதியோர் சிலர், இலண்டனில் பிள்ளைகளிடம் ஆறு மாதம் தங்கி, ஊர் திரும்பிச் சில வாரங்களில் மீண்டும் விமானம் ஏறுகின்றனர். ஆறு மாதத்தை மீறாதவரை அச்சமில்லை என்பது அவர்தம் எண்ணம். சட்டமோ நாட்களை மட்டும் எண்ணுவதில்லை. அடுத்தடுத்த வருகைகளால் அந்நாட்டையே வாழிடமாக்குகின்றனரா என்றும் ஆராய்கிறது. அவ்வாறு கருதும் குடிவரவு அதிகாரி விமான நிலையத்திலேயே விசாவை இரத்துச் செய்து திருப்பியனுப்பலாம்.

பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் வழியை 2012ஆம் ஆண்டு விதிகள் பெரிதும் ஒடுக்கிவிட்டன. பாசம் பக்கவாயிலை நாடுவது இதனாலன்றோ! ஆயினும் பக்கவாயில் என்றும் திறந்திராது. எனவே, வருகைகளிடையே ஊரில் நெடுநாள் தங்குங்கள். காணி, வீடு, தொழில் ஆகியவற்றின் சான்றுகளை உடன் கொண்டுசெல்லுங்கள். அங்கே வாக்குரிமை பெற்றுள்ள நம் பிள்ளைகளோ, நேர்வழியை அகலத் திறக்குமாறு தத்தம் பாராளுமன்ற உறுப்பினரிடம் கோருவாராக!