மோட்டாரைத் துடைக்கும் முன் பீஸ் கட்டை நம் கையில்

(ராதாபுரம் வட்டார மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன் வாங்கி மாவு மில், வத்தல் பொடி மில் என்று தொழில் நடத்தும் குழுக்கள் உண்டு. மாவு திரிக்க நமக்குத் தெரியும். ஆனா அந்த மில்லை ஓட்டுற மோட்டார் பக்கத்துல போகவே சிலருக்குப் பயம். சிலர் பயமே இல்லாம ஈரத்துணியால துடைக்கிறாங்க. ரெண்டுமே நமக்கு ஆகாது.

முதல்ல அழுக்கு என்ன செய்யும்னு பார்ப்போம். மோட்டார் உடம்பு மேல வரிவரியா இருக்கு பாருங்க, அது அழகுக்கு இல்லை. உள்ளே உண்டாகும் சூடு அந்த வரி வழியாத்தான் வெளியேறும். பின்பக்க மூடிக்குள்ள இருக்கிற விசிறிதான் அதுமேல காத்தை அடிக்குது. மாவும் வத்தல் தூளும் அதை அடைச்சா சூடு உள்ளேயே நிக்கும். அளவுக்கு மேல பத்து டிகிரி சூடு கூடினா, காயில் கம்பி மேல உள்ள காப்பின் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு மோட்டார் தொழில்ல கணக்கு உண்டு. நம்ம ஊருக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து காத்தாடிகளுக்கு நல்லது. ஆனா செம்மண் தூசியை அள்ளிட்டு வந்து மில்லுக்குள்ள போட்டுருது. அந்த மாசங்கள்ல வாரம் ஒரு தடவையாவது துடைக்கணும்.

எப்படித் துடைக்கிறது? ஸ்டார்ட்டர்ல சிவப்புப் பொத்தானை அமுக்கினா மோட்டார் நிக்கும். ஆனா கரண்டு ஸ்டார்ட்டர் வரைக்கும் வந்து காத்துக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க குனிஞ்சு துடைக்கையில, வெளியே இருந்து வந்த இன்னொரு அக்கா பச்சைப் பொத்தானை அமுக்கிட்டா என்ன ஆகும்? அதனால மெயின் சுவிட்சை அணைச்சு, மூணு பீஸ் கட்டையையும் கழட்டி, துடைக்கிறவங்களே கையோட வச்சுக்கணும். வேலை முடியிற வரை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பெல்ட்டு முழுசா நின்ன பிறகுதான் கிட்ட போகணும். முந்தானையை இழுத்துச் சொருகி, சடையைக் கொண்டை போட்டுக்கோங்க.

காய்ஞ்ச துணி, மெத்துன்னு ஒரு பிரஷ், இது போதும். தண்ணி வேண்டாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. மூக்கைத் துணியால கட்டிக்கோங்க, வத்தல் மில்லா இருந்தா கேட்கவே வேண்டாம். சிங்கிள் பேஸ் மோட்டார்ல இருக்கிற கன்டென்சர், கரண்டை நிறுத்தின பிறகும் ஷாக் அடிக்கும். அதையும் வயர் சேர்ற பெட்டியையும் நாம திறக்க வேண்டாம், எலக்ட்ரீசியன் பார்க்கட்டும். பெல்ட்டுக்குக் கம்பி வலை மூடி இல்லாத மில்லுல, முதல் லாபத்துல அதைத்தான் வாங்கணும்னு நான் சொல்வேன்.

த்ரீ பேஸ் மோட்டார் சுத்தாம 'ம்ம்'னு உறுமினா உடனே நிறுத்துங்க. பெரும்பாலும் ஒரு பேஸ் வரலைன்னு அர்த்தம். அப்படியே விட்டா சில நிமிஷத்துல காயில் எரிஞ்சிரும், திரும்பக் கட்ட ஆகுற செலவுல குழு லாபம் போயிரும். பீஸ் போச்சுன்னு அந்த இடத்துல தடிச்ச கம்பியைச் சுத்துறவங்களும் இருக்காங்க. அந்தக் கம்பி பீஸ் மாதிரி உருகி மோட்டாரைக் காப்பாத்தாது.

அடுத்தது எர்த். குழியில கரியும் உப்பும் போட்டுப் புதைச்சதோட வேலை முடிஞ்சு போகலை. மண்ணு காய்ஞ்சா எர்த் வேலை செய்யாது. நம்ம வானம் பார்த்த பூமியில கோடையில தினமும் ஒரு குடம் தண்ணி அந்தக் குழிக்கு ஊத்தணும். மோட்டாரைத் தொட்டா சுருக்குன்னு இருந்தா ஓட்டாதீங்க. மில்லுக்கு எந்தக் கசிவு காப்பு சுவிட்ச் சரின்னு எலக்ட்ரீசியன்கிட்ட கேட்டுப் போட்டுக்கோங்க.

ஒருத்தருக்கு ஷாக் அடிச்சா ஓடிப்போய்த் தொடாதீங்க. மெயினை அணைங்க, அப்புறம் 108-க்குப் போன் பண்ணுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்க மில்லுல மெயின் எங்கே, எர்த் குழி எங்கேன்னு பார்த்துட்டு வாங்க. துடைக்கிற நாளையும் துடைச்சவங்க பெயரையும் குழு நோட்டுல எழுதி, அந்த நோட்டையும் கொண்டு வாங்க.