முறுமுறுப்பும் நன்றியும்

(தோட்டத்துச் சபையின் அறுப்பின் பண்டிகையன்று, பெண்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி ஆற்றிய பேச்சு)



 மழையையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றியைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "இவளுக்கென்ன, நன்றி சொல்லு நன்றி சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிருவா, மலையேறிக் கொழுந்து எடுக்கிறது நாமதானே" என்று சிலர் நினைக்கலாம். நானும் இருபத்திரண்டு வருஷம் கூடை சுமந்தவள்தான். சுமை தெரியாமல் பேசமாட்டேன்.

வேதத்தில் வருகிற இஸ்ரவேல் ஜனங்களின் இரண்டு அழுகைகளைப் பார்ப்போம். முதல் அழுகை எகிப்தில். அங்கே அவர்களுக்குச் செங்கல் அறுக்கிற வேலை. பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டான். வைக்கோலை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கு குறையக்கூடாது என்றான். கொழுந்து இல்லாத காலத்திலும் கிலோ கணக்கு கேட்கிற கஷ்டம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஜனங்களின் பெருமூச்சைக் கடவுள் கேட்டார். மோசேயை அனுப்பி விடுதலை கொடுத்தார்.

இரண்டாவது அழுகை வனாந்தரத்தில். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் வருகிறது. அடிமை வேலை போய்விட்டது. தினமும் மன்னா விழுகிறது. அதை இடித்து, அவித்து, அப்பம் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் அவரவர் கூடார வாசலில் நின்று அழுதார்களாம். எதற்கு? எகிப்தில் தின்ற மீனுக்கும், வெள்ளரிக்காய்க்கும், வெங்காயத்துக்கும், பூண்டுக்கும்! வெங்காயம் ஞாபகம் இருக்கிறது, முதுகில் விழுந்த அடி மறந்துபோச்சு. இந்த அழுகையைக் கேட்டுத்தான் கடவுள் கோபப்பட்டார்.

அதே ஜனம், அதே வாய். ஒரு அழுகைக்கு விடுதலை, மற்றதற்குக் கோபம். ஏன்? முதல் அழுகை உண்மையான பாரத்தைக் கடவுளிடம் கொண்டுபோனது. இரண்டாவது, அவர் செய்ததையெல்லாம் மறந்து வாசலிலேயே நின்றுகொண்டது. அதுதான் முறுமுறுப்பு. நம் இஸ்தோப்பிலும் அது நடக்கிறது. பொழுது சாய்ந்தால் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து பக்கத்துக் காம்பராவைப் பற்றி, மாமியாரைப் பற்றி, கணக்கப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம். பேசிப் பேசி ஒரு கல்லும் நகர்ந்ததில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு வளர்கிற பிள்ளை, இந்த உலகத்தில் நல்லது ஒன்றுமே இல்லை என்று நம்பிவிடுகிறது.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலை செய்த மலையில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் அதிகமாகக் கிலோ கழித்தார்கள். மாதக்கணக்காக மடுவத்திலிருந்து லயம் வரைக்கும் நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே நடப்போம். பெரியம்மா மட்டும் எங்களோடு சேரமாட்டார். ராத்திரி விளக்கு வைத்ததும் அன்றைக்குக் கிடைத்த நன்மைகளை விரல்விட்டு எண்ணி ஸ்தோத்திரம் சொல்வார். பிள்ளைக் காம்பராவில் குழந்தை அழாமல் இருந்தது, வழுக்குப் பாறையில் விழாமல் இறங்கியது, யாரோ கொடுத்த ஒரு பிடி கீரை, இப்படி. "இந்தக் கிழவிக்கு ரோஷமே இல்லை" என்று நாங்கள் சிரித்தோம்.

ஒருநாள் காலையில் பிரட்டுக்களத்தில் அவர்தான் முன்னால் போய் நின்றார். "ஐயா, வெயில் நாளிலயும் ஈரத்துக்குன்னு கழிக்கிறீங்க. அது எப்படின்னு எங்களுக்குச் சொல்லுங்க" என்று அமைதியாகக் கேட்டார். அப்புறம்தான் எங்களுக்கும் வாய் வந்தது, தலைவரும் வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வெயில் நாளில் கழிப்பது குறைந்தது. "பயமா இல்லையா பெரியம்மா?" என்று கேட்டேன். "கடவுள் எனக்குச் செய்ததை எண்ணிப் பழகினவ நான். அதனால எனக்கு வரவேண்டியதையும் எண்ணத் தெரியும்" என்றார்.

சகோதரிகளே, நன்றி சொல்கிறவள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். செலொப்பியாத்துக்கு ஐந்து பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளை இல்லை. தகப்பனுடைய காணிப் பங்கு எங்களுக்கும் வேண்டும் என்று அந்த ஐந்து பேரும் மோசேயின் முன்னாலும், சபையார் எல்லோர் முன்னாலும் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கடவுளே சொன்னார். நம் தோட்டங்களிலும் 1984 வரைக்கும் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அந்த வருஷம் வேலைநிறுத்தம் செய்து ஒன்றாக நின்று கேட்ட பிறகுதான் இரண்டும் சமமானது. இஸ்தோப்பு முணுமுணுப்பு அதைக் கொண்டுவரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லா நிலைமையிலும் நன்றி செலுத்தச் சொன்ன பவுல், அநியாயத்துக்கு நன்றி சொல்லச் சொல்லவில்லை. குடித்துவிட்டு வருகிறவனிடம் அடி வாங்கிக்கொண்டு ஸ்தோத்திரம் பாடு என்பது சுவிசேஷம் அல்ல. பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் அடிபட்டுச் சிறையில் கிடந்தபோது நடு ராத்திரியில் பாடினார்கள். விடிந்ததும், ரோமப் பிரஜைகளான எங்களை விசாரிக்காமல் அடித்தீர்களே, நீங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார்கள். பாடின அதே வாய்தான் நியாயமும் கேட்டது.

பத்துக் குஷ்டரோகிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரும் சத்தம் போட்டு இயேசுவைக் கூப்பிட்டார்கள். சத்தம் போட்டதை அவர் குற்றமாக எடுக்கவில்லை, பத்துப் பேரையும் சுகமாக்கினார். மற்ற ஒன்பது பேர் எங்கே என்றுதான் கேட்டார். திரும்பி வந்தவனோ சமாரியன், யூதர்கள் ஒதுக்கி வைத்த ஜாதி.

ஆகவே இன்று ராத்திரியே ஒன்று செய்து பாருங்கள். ஜெபத்துக்கு முன்னால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லட்டும். சின்னப் பிள்ளையும் சொல்லட்டும், வீட்டுக்காரரும் சொல்லட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மாவுக்கு நாளைக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். குறை இருந்தால் அதை ஜெபத்தில் கடவுளிடம் சொல்லுங்கள், பிறகு கேட்கவேண்டிய இடத்தில் கேளுங்கள். வாசலில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெரியம்மா இன்று நம்மோடு இல்லை. எங்கள் வீட்டில் இன்றும் விளக்கு வைத்ததும் என் பேத்தி விரல்விட்டு எண்ணுகிறாள். கர்த்தர் உங்கள் ஒவ்வொரு வீட்டையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.