கடல் நகர்ந்த ஊருக்குத் திரும்பி வருவது

இந்த எபிசோட்ல கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். வெளிநாடு போறது எப்படின்னு நாம நிறையப் பேசியிருக்கோம்: விசா, வீடு, சம்பளம், குளிர். திரும்பி வர்றதைப் பத்தி ஒரு தடவைகூடப் பேசினதில்லை. அது ஒரு வேலைன்னே யாரும் நினைக்கிறதில்லை. டிக்கெட் போட்டா வந்துடலாம், அவ்வளவுதானே?

என் கதை சுருக்கமா. 2023 ஜூலையில ஒரு வருஷ ப்ராஜெக்டுக்கு கம்பெனி என்னை லிஸ்பன் அனுப்பினாங்க. லீவு கிடைச்சப்பல்லாம் பையைத் தூக்கிக்கிட்டு போர்ட்டோ, செவில்யா, ரோம்னு சுத்தினேன். 2024 ஜூலையில திரும்பினேன். ஊர் கொற்கை. ஆமா, முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதே கொற்கைதான். தூத்துக்குடி மாவட்டம், ஏரலுக்குப் பக்கம்.

முதல்ல ஊரைப் பத்திச் சொல்லிடறேன். ஏன்னா நான் சொல்ல வர்ற விஷயத்துக்கு என் ஊரே நல்ல உதாரணம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்'ங்கிற கிரேக்கக் கடல்பயணக் கையேட்டுல 'கொல்கி'ன்னு எங்க ஊர் வருது. அங்க பாண்டிய ராஜாவோட முத்துக்குளிப்பு நடக்குது, தண்டனைக் கைதிகளை வெச்சுக் குளிக்கிறாங்கன்னு அதுல எழுதியிருக்கு. அடுத்த நூற்றாண்டுல தாலமியும் இந்தப் பேரைக் குறிப்பிடறார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69ல இங்க தோண்டினப்போ கிடைச்ச கரித்துண்டுக்கு கி.மு. 785ன்னு காலம் வந்தது. 2021ல மறுபடியும் தோண்டினாங்க.

ஆனா இன்னிக்கு நீங்க கொற்கையில வந்து இறங்கி, "கடல் எந்தப் பக்கம்?"னு கேட்டா சிரிப்பாங்க. வயல், வாழை, ஒரு குளம், ரொம்பப் பழைய ஒரு வன்னிமரம். கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பொதிகைமலையில இருந்து 120 கிலோமீட்டருக்கு மேல ஓடி வர்ற தாமிரபரணி, முகத்துவாரத்துல வண்டலைக் கொட்டிக் கொட்டி நிலத்தைக் கடலுக்குள்ள தள்ளிடுச்சு. கப்பல் வர முடியலை. வியாபாரம் காயலுக்குப் போச்சு. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தது. கடைசியில தூத்துக்குடி. எங்க ஊர் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடிகூட நகரலை. கடல்தான் நகர்ந்தது. பழைய மாலுமி ஒருத்தன் இப்போ திரும்பி வந்தா, சரியான இடத்துல நின்னுக்கிட்டே வழி தவறிட்டோம்னு நினைப்பான்.

இதுக்கு ஒரு சமூகவியல் கட்டுரையே இருக்கு. ஆல்ஃப்ரெட் ஷூட்ஸ் வியன்னாக்காரர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடிச்ச பிறகு அமெரிக்காவுல குடியேறினவர். 1945ல, சிப்பாய்கள் வீடு திரும்புற நேரத்துல, வீடு திரும்புறவனைப் பத்தி எழுதினார். அவர் சொல்றதோட சாரம் இதுதான்: புது ஊருக்குப் போறவன் தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சே போறான், அதனால தயாரா இருக்கான். வீட்டுக்குத் திரும்புறவன் எல்லாம் தெரியும்னு நினைச்சு வர்றான். அவன் மனசுல இருக்கிறது அவன் கிளம்பின நாளோட வீடு. வீட்டுல இருக்கிறவங்க மனசுல இருக்கிறதும் கிளம்பின நாள்ல இருந்த அவன். ரெண்டுமே இப்போ கிடையாது.

அப்புறம் 1955ல லிஸ்கார்ட்னு ஒரு நார்வே ஆராய்ச்சியாளர், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரங்களை வெச்சு, மனநிலை முதல்ல மேல இருந்து கீழ இறங்கி திரும்ப ஏறுதுன்னு 'யு' எழுத்து மாதிரி ஒரு கோடு சொன்னார். 1963ல கல்லஹார்ன் தம்பதி, ஊர் திரும்பின பிறகு இன்னொரு பள்ளம் இருக்குன்னு சொல்லி அதை 'டபிள்யூ' ஆக்கினாங்க. எல்லாருக்கும் இந்தக் கோடு பொருந்தாதுன்னு பின்னாடி விமர்சனமும் வந்தது. ஆனா அந்த ரெண்டாவது பள்ளம் எனக்குப் புரியுது.

என்னோட பள்ளத்துக்கு ஒரு தேதி இருக்கு: 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் - சென்னை எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோட மாட்டிக்கிச்சு. ஏரல் சுத்துவட்டாரமே துண்டிக்கப்பட்டுப் போச்சு. கரண்ட் இல்லை, டவர் இல்லை. லிஸ்பன்ல கிறிஸ்துமஸ் லைட் போட்டிருந்தாங்க. நான் ஆபீஸ் மாடிப்படியில உட்கார்ந்து வீட்டு நம்பர், பெரியப்பா நம்பர், பக்கத்து வீட்டு அண்ணாச்சி நம்பர்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டிருந்தேன். எதுவும் போகலை. நாலாவது நாள் யாரோட போன்ல இருந்தோ அம்மா பேசினாங்க. "நாங்க நல்லாருக்கோம்யா. நீ சாப்பிட்டியா?"

ஏழு மாசம் கழிச்சு ஊருக்கு வந்தா, முன்கட்டுல புதுசா வெள்ளையடிச்சிருக்கு. பின்கட்டுச் சுவர்ல மட்டும் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. எனக்கு அந்த நாலு நாள்ல என்ன நடந்ததுன்னு ஒவ்வொரு மணி நேரமும் தெரியணும். யார் வந்தாங்க, எங்க தூங்கினீங்க, மாட்டை யார் அவுத்துவிட்டது? கேட்டா அம்மா, "அது முடிஞ்ச கதைல்லாய்யா"ன்னுட்டு இட்லி எடுத்து வைக்கிறாங்க. நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவங்ககிட்ட, சொந்தக்காரங்ககிட்ட, தங்களுக்குள்ளன்னு அவங்க அதை நூறு தடவை சொல்லி முடிச்சிட்டாங்க. எனக்கு அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அதேதான் என் பக்கமும். சொல்றதுக்கு ஒரு வருஷக் கதை வெச்சிருந்தேன். ஊர்ல எல்லாரும் கேட்டது ரெண்டே கேள்வி. "அங்க ரொம்பக் குளிருமோ?" "சோறு கெடைக்குமாடே?" பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பேச்சு தண்ணி மோட்டாருக்குப் போயிடும். யாருக்கும் என்மேல அக்கறை இல்லைன்னு அர்த்தம் இல்லை. பார்க்காத ஊரைப் பத்தி அதுக்கு மேல என்ன கேட்கிறதுன்னு தெரியாது. எனக்கும் வெள்ளத்தைப் பத்தி எப்படிக் கேட்கிறதுன்னு தெரியலை, இல்லையா?

உண்மையில என்னை உலுக்கினது வேற. வாழை மொத்தமும் வெள்ளத்துல போச்சுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் அப்பா பாதி நிலத்தைக் குத்தகைக்கு விட்டது தெரியாது. வாரத்துக்கு மூணு தடவை வீடியோ கால் பேசியிருக்கோம். ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீ அங்க இருந்துக்கிட்டு என்னல செய்ய முடியும்?" கோபமே இல்லை. கணக்கு சொல்ற மாதிரி சொன்னார். நான் இல்லாம முடிவெடுக்க வீடு பழகியிருந்தது. அப்படிப் பழகினதாலதான் அவங்க அந்த வெள்ளத்தைத் தாண்டினாங்கன்னும் தோணுது.

நம்ம பாஷையில சொன்னா, நான் ஒரு வருஷம் தனி பிராஞ்ச்ல கமிட் பண்ணிக்கிட்டே இருந்தேன். மெயின் பிராஞ்ச் அப்படியே நிக்கும்னு நினைப்பு. வந்து மெர்ஜ் பண்ணினா ஃபைலுக்கு ஃபைல் கான்ஃப்ளிக்ட். இதுல ரொம்பப் பேர் பண்றது ஃபோர்ஸ் புஷ். "லிஸ்பன்ல இப்படித்தான், நம்ம ஊர்ல ஏன் இப்படி?"ன்னு எல்லாத்து மேலயும் தன்னோடதை ஏத்திடறது. இன்னொரு கூட்டம் தன் பிராஞ்சையே அழிச்சிடும், போனதே நடக்காத மாதிரி. ரெண்டும் வேண்டாம். கான்ஃப்ளிக்டை ஒவ்வொரு வரியா பார்த்துத்தான் தீர்க்கணும். அதுக்கு நேரம் ஆகும்.

எனக்கு முதல்ல கைகொடுத்தது ஒரு சின்ன விஷயம். லிஸ்பன்ல வீட்டு ஓனரம்மா பேசறப்போ 'ஜனேலா', 'மேசா', 'ஷாவ்'னு காதுல விழும். ஜன்னல், மேசை, சாவி. இந்த வார்த்தைகள் போர்ச்சுகீஸ்ல இருந்து நமக்கு வந்தவை. 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் இறங்கின முத்துக்குளித்துறைக் கரை எங்க ஊருக்குப் பக்கத்துலதான். ஆறு கடல்ல சேர்ற புன்னைக்காயல்லதான் 1578ல தமிழ்ப் புத்தகம் அச்சடிச்ச அண்ட்ரிக் அடிகளார் வாழ்ந்தார். நான் வந்த ரெண்டாவது வாரம் ஆச்சி, "அலமாரிச் சாவிய எங்க வச்சிய?"ன்னு அம்மாகிட்ட கேட்டாங்க. அதுல ரெண்டு வார்த்தை லிஸ்பன்ல இருந்து வந்ததுன்னு சொன்னேன். ஆச்சி நம்பவே இல்லை. ஆனா முதல் தடவையா அந்த ஊரைப் பத்தி மூணாவது கேள்வி வந்தது: "அவிய ஜன்னலுக்கும் கம்பி உண்டுமா?" அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

அதுல நான் கத்துக்கிட்டது: நம்ம கதையை அவங்க வீட்டுக்குள்ள இருக்கிற ஒரு பொருள்ல இருந்து ஆரம்பிக்கணும். அவங்க கதையையும் அப்படித்தான் கேட்கணும். "வெள்ளத்துல என்ன ஆச்சு?"ன்னு கேட்டா பதில் வராது. பின்கட்டுச் சுவருக்கு நான் வெள்ளையடிக்கப் போறேன்னு சொன்னேன். அப்பா தானா வந்து அந்தக் கோட்டுமேல கையை வெச்சு, "இது ரெண்டாம் நாள் ராத்திரி"ன்னு ஆரம்பிச்சார். மாட்டை யார் அவுத்துவிட்டதுன்னு எனக்கு இப்போ தெரியும்.

திரும்பி வர்றவங்களுக்கு நான் சொல்றது மூணு. முதல் ஒரு மாசம் எதையும் எதோடும் ஒப்பிடாதீங்க, மனசுல ஓடினாலும் வாயில வேண்டாம். வீட்டுல தினமும் செய்ற ஒரு வேலையை உங்களோடதா எடுத்துக்கோங்க. ரேஷன் கடையோ, மோட்டார் போடறதோ, எதுவா இருந்தாலும் சரி. விருந்தாளிக்கு யாரும் வீட்டு விவரம் சொல்ல மாட்டாங்க. மூணாவது, உங்களை மாதிரியே போய்வந்த ஒருத்தரோட பேசுங்க. சொல்லாம விட்ட கதையெல்லாம் போய்ச்சேர ஒரு இடம் வேணும்.

இப்போ கடைசி விஷயம். லிஸ்பன்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்க முடியுமான்னு கம்பெனியில கேட்டிருக்காங்க. எனக்கு அந்த ஊரும் பிடிக்கும், வேலையும் பிடிக்கும். பொங்கல் வரைக்கும் வர முடியாது, அதுக்கப்புறம் இடம் இருந்தா பேசலாம்னு நேத்து மெயில் போட்டுட்டேன். இடம் போகலாம், தெரிஞ்சுதான் போட்டேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கும். இந்த டிசம்பர்ல மேகம் கறுக்கும்போது அப்பா எதைப் பார்ப்பார், அம்மா எதை முதல்ல மாடிக்கு ஏத்துவாங்க, ஆச்சியை யார் தூக்குவாங்கன்னு எனக்குத் தெரியணும். அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு போறதுன்னா போறேன்.

நீங்களும் திரும்பி வந்தவரா இருந்தா, உங்க வீட்டுல உங்களைக் கேட்காம எடுத்த முதல் முடிவு என்னன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.