சிரிச்சதும் அழுததும் ஒரே ராத்திரி



எங்கப்பா இறந்து பதினாறாம் நாள் கருமாதிக்கு, ராத்திரி கர்ண மோட்சம் கூத்து விட்டோம். சாகும்போதுகூட தன் புண்ணியத்தையே தானம் குடுத்தவர் கர்ணன். அதனால செத்தவங்க மோட்சம் போகணும்னு நம்ம பக்கம் இந்தக் கூத்து வைக்கிறது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பதினாறு நாளும் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாங்க. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து முன்னால பாயில் உட்கார வெச்சேன்.

கர்ணன் பொன்னுருவியிடம் சொல்லிக்கிட்டுப் போருக்குக் கிளம்பும்போது கோமாளி குறுக்கே விழுந்து, "ராசா, நீங்க போயிட்டா இந்த மாசக் குழுத் தவணையை யாரு கட்டறது?"ன்னார். கூட்டமே சிரிச்சது. அம்மாவும் சிரிச்சுட்டாங்க. எங்கப்பாதான் மாசாமாசம் தவணையை ஞாபகப்படுத்துவார்.

பக்கத்தில் ஒரு பெரியம்மா, "புருசன் போயி ஈரம் காயலை, சிரிப்பைப் பாரு"ன்னாங்க. அம்மா சேலைத் தலைப்பால வாயை மூடிக்கிட்டாங்க. எனக்கு நெஞ்சு எரிஞ்சுது.

விடியக்காலம், அம்பு பட்டுச் சாய்ந்த கர்ணனைக் குந்தி மடியில் போட்டு அழுதாள். குந்தி வேசம் கட்டினதும் ஆம்பளைதான். ஆனா அப்போதான் அம்மா வாய்விட்டு அழுதாங்க. அந்தப் பெரியம்மாவே அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. மறுநாள் அம்மா சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

சகோதரிகளே, எங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்த பிறகுதான் அழுகையும் வந்தது. துக்க வீட்டுப் பொம்பளை சிரிச்சா குத்தம் சொல்லாதீங்க. மூலையில் விட்டுடாம, அடுத்த குழுக் கூட்டத்துக்கே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. எங்கம்மா இப்போ யாரும் ஞாபகப்படுத்தாமலே தவணை கட்டறாங்க.