கடிதமும் நகலும்



கொல்கத்தாவில் டல்ஹௌசி சதுக்கம் என முன்னாளில் வழங்கிய இடத்தின் வடபுறத்தை அடைத்துக்கொண்டு செந்நிறத்தில் நிற்கிறது ரைட்டர்ஸ் பில்டிங். ரைட்டர் என்றால் இங்கு நூலாசிரியர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடைநிலை உத்தியோகஸ்தர். பெயருக்கேற்ப எழுதுவதும் நகல் எடுப்பதுமே அவர்களுக்கு ஓயாத வேலை. இலண்டனுக்குச் செல்லும் கடிதம் ஒரே கப்பலில் போனால், புயலிலோ போரிலோ அக்கப்பல் மூழ்கும்போது கடிதமும் மூழ்கும். ஆகவே ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் ஏற்றினார்கள். மற்றொரு பிரதி இங்கேயே ஏட்டில் தங்கிற்று. அந்த ஏடுகள் இல்லையேல், அக்காலத்து வரலாற்றை இன்று எழுதுவோர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

1806-இல் இங்கிலாந்தில் ரால்ப் வெட்ஜ்வுட் என்பவர் கார்பன் தாளுக்கு உரிமை பெற்றார். பின்னர்த் தட்டச்சுப் பொறியும் வந்து சேர, நகல் எடுப்பது எளிதாயிற்று. இன்று மின்னஞ்சலில் ‘சி.சி.’ என்று காண்கிறோமே, அது கார்பன் காப்பி என்பதன் சுருக்கமே. கார்பன் தாளைக் கண்ணால் கண்டிராத இளைஞர்களும் அவ்விரண்டு எழுத்துக்களை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நகரங்களில் நம் நகரும் ஒன்று. அன்றுமுதல் இவ்வெழுத்துக்கள் நம்மோடு வாழ்கின்றன.

நகலுக்குப் பயன் இரண்டு. ஒன்று, நம் நினைவுக்கு வைத்துக்கொள்வது. மற்றொன்று, பிறருக்குத் தெரிவிப்பது. கம்பெனியின் எழுத்தர் இரண்டையும் கையால் செய்தமையால், எந்தப் பிரதி எங்கே செல்கிறது என்பதை அறிந்திருந்தார். மின்னஞ்சல் நிரலோ, நாம் ஒருமுறை சொல்லிவைத்ததை ஒவ்வொரு கடிதத்திலும் ஓசையின்றிச் செய்துகொண்டே இருக்கும். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், அதனை ஆக்கியவர் சொன்னதைச் செய்யும்.

மேசைக் கணினியில் பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் தண்டர்பேர்டு என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். அதன் கணக்கு அமைப்புப் பக்கத்தில் ‘காப்பீஸ் அண்டு ஃபோல்டர்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. அனுப்பும் கடிதத்தின் பிரதி எந்த உறையில் தங்க வேண்டும் என்பதை அங்கே குறிக்கலாம். எழுதும் பதிலை, அப்பதிலுக்குக் காரணமான கடிதம் இருக்கும் உறையிலேயே வைக்கும்படியும் சொல்லலாம். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இது மிக உகந்தது. ஒரு சட்டச் சொல்லைப் பற்றி மூன்று மாதங்களுக்கு முன் எழுந்த ஐயமும் அதற்குக் கிடைத்த விடையும் ஓரிடத்தில் கிடக்கும். கோப்பில் குறிப்பும் கடிதமும் சேர்ந்து கிடப்பது போல. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் தகவல் என்பதன் விளக்கத்தில் மின்னஞ்சலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. குடிமகன் ஒருவர் கேட்கும்போது கடிதத்தைத் தேடி எடுக்க வேண்டியவர் நாமே அன்றோ?

அதே பகுதியில், ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் குறித்த ஒரு முகவரிக்குத் தானாகவே அனுப்பும் வசதியும் இருக்கிறது. பிரிவுத் தலைவருக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும் என்று சிலர் அவர் முகவரியை அங்கே எழுதிவிடுகின்றனர். நல்ல எண்ணமே. ஆனால் மருத்துவருக்கு எழுதும் கடிதமும் அதே கணக்கிலிருந்து புறப்பட்டால், அதன் பிரதியும் தலைவரிடம் போய்ச் சேரும்! தண்டர்பேர்டில் ஒரே கணக்கிற்குப் பல ‘அடையாளங்கள்’ அமைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நகல் விதி வகுக்கலாம் என்பதை இத்தகையோர் அறிந்திருத்தல் நலம்.

பதில் எழுதும் முறைக்கு வருவோம். வந்த கடிதத்தை மேற்கோளாக இட்டு, நம் பதிலை அதற்கு மேலே தொடங்குவதா கீழே தொடங்குவதா என்பதும் நம் விருப்பத்திற்கு உட்பட்ட அமைப்பே. இதைப் பற்றி நண்பர்கள் கடுமையாக வாதிடுவதைக் கேட்டிருக்கிறோம். நம் சார்பு கீழே எழுதுவோர் பக்கம். பத்து ஐயங்கள் கேட்ட கடிதத்திற்கு ‘ஆம், சரி’ என்று உச்சியில் ஒரு வரி எழுதினால், எது சரி என்பதைப் படிப்பவர் எங்ஙனம் அறிவார்? வேண்டிய வரிகளை மட்டும் சுட்டியால் தேர்ந்துகொண்டு பதில் பொத்தானை அழுத்தினால், அவ்வரிகள் மட்டுமே மேற்கோளாக வரும். இச்சிறு வசதியைப் பலர் அறியார்.

இனி, ‘எல்லோருக்கும் பதில்’ என்னும் பொத்தான். ‘சி.சி.’யில் உள்ளவர் பெயர் யாவருக்கும் தெரியும், ‘பி.சி.சி.’யில் உள்ளவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் மறைவாக நகல் பெற்ற ஒருவர் எல்லோருக்கும் பதில் எழுதிவிட்டால், திரை விலகிவிடும்.

இவற்றைச் சில்லறை விஷயங்கள் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைக் கைப்பற்றியது. அடுத்த மாதம் 20-ஆம் நாள், பிரிட்டனில் தஞ்சம் பெறக் காத்திருந்த ஆப்கானியருக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிற்று. அவர்களிற் பலர் பிரிட்டிஷ் படைக்கு மொழிபெயர்த்தவர்கள். நம் தொழிலைச் சேர்ந்தவர்கள். முகவரிகள் மறைநகல் வரியில் இல்லாமல் வெளிப்படையான வரியில் இடப்பட்டிருந்தன. 245 பேரின் முகவரிகளைப் பெற்றவர் யாவரும் கண்டனர். 55 பேரின் முகப்படங்களும் தெரிந்தன. இருவர் எல்லோருக்கும் பதில் எழுதினர். அவர்களுள் ஒருவர் தாம் இருக்கும் இடத்தையும் தெரிவித்திருந்தார். அந்தப் பட்டியல் தாலிபானின் கைக்குப் போயிருந்தால் உயிர்கள் போயிருக்கலாம் என்று கூறி, 2023 டிசம்பரில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அமைச்சகத்திற்கு 3,50,000 பவுன் அபராதம் விதித்தார்.

நம்மிடையே உயிருக்கு ஆபத்து இல்லாதிருக்கலாம். ஆனால் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழன்பர் ஒருவர் கூட்ட அழைப்பை இருநூறு பேருக்கு அனுப்பும்போதும், ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்த விதவைகளுக்கு ஓர் அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பும்போதும், ஒருவர் முகவரியை மற்றவருக்குக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? மறைநகல் வரியே அதற்கு இடம். செய்தி அந்தரங்கமானதாயின், தனித்தனிக் கடிதமாக அனுப்புவது அதனினும் உத்தமம்.

தண்டர்பேர்டின் அண்மைப் பதிப்புகளில் இதற்கு ஒரு காவல் இருக்கிறது. வெளிப்படையான வரிகளில் பதினைந்து முகவரிகள் சேர்ந்ததும், இவர்கள் ஒருவர் முகவரியை மற்றவர் காண்பர் என்று எச்சரித்து, மறைநகலுக்கு மாற்றலாமா என்று கேட்கும். பதினைந்து என்ற எண்ணை உள்ளமைப்புப் பகுதியில் குறைத்துக்கொள்ள முடியும். விண்ணப்பதாரரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் பிரிவுகளுக்கு மூன்று என்று வைப்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.