மாதவிலக்கும் கல்லீரலும்



தோட்டத்து லயத்தில் ஒரு பெண். வயது 26. கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறைதான் வருகிறது. தாடையில் முடி அரும்புகிறது. பின்கழுத்து கறுத்திருக்கிறது; அழுக்கென்று தேய்த்துக் குளித்தாலும் அது போவதில்லை. பெரியவர்கள் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். அவளும் அதற்காக மட்டுமே அழுகிறாள். இப்படி ஒருத்தியை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

இது சினைப்பை நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். 1935-ஆம் ஆண்டில் ஸ்டைன், லெவன்தால் என்னும் இரு சிகாகோ மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு. பெயரைக் கேட்டால் கோளாறு சினைப்பையில் மட்டும் என்று தோன்றும். உண்மை அதுவன்று.

நாம் உண்ணும் சோறும் சீனியும் இரத்தத்தில் சர்க்கரையாகின்றன. அந்தச் சர்க்கரை உடலுக்குள் பயன்பட இன்சுலின் தேவை. இந்த நோயுள்ள பலருக்கு உடல் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் சுரப்புநீரைக் கூட்டுகிறது. முட்டை முதிராமல் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. அதே இன்சுலின் கல்லீரலில் கொழுப்பையும் சேர்க்கிறது. மதுவைத் தொட்டறியாத பெண்ணுக்கும் கல்லீரல் கொழுப்பு வருவது இப்படித்தான்.

இதை எப்படி அறிவது? பால் மரத்துப் பட்டையில் காயம் பட்டால் பால் கசியும் அல்லவா? அதுபோல, கல்லீரல் அணுக்கள் காயப்பட்டால் அவற்றினுள் இருக்கும் நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்று இரத்தப் பரிசோதனைத் தாளில் காண்பவை இவைதாம். அளவு கூடியிருந்தால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும் என்று பொருள். மஞ்சள் காமாலைக் கிருமியும் சில மருந்துகளும்கூட இதைக் கூட்டும். காரணத்தை டாக்டர்தான் கண்டறிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அடித்தண்டு உள்ளே அழுகிய செம்பனை, வெளியே சில காலம் பச்சையாகவே நிற்கும். அதுபோல, நொதி அளவு சரியாக இருந்தாலும் கல்லீரலில் கொழுப்பு இருக்கக்கூடும். ஆகவே சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டாதிருப்பது நல்லது. ஒல்லியான பெண்ணுக்கும் இந்த நோய் வரலாம்.

செய்ய வேண்டியது என்ன? பருமனாக இருப்பவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். பலருக்கு மாதவிலக்கும் சீராகும். டின்பால் தேநீரையும் சிவப்புச் சர்பத்தையும் குறையுங்கள். சோற்றைக் குறைத்துக் கீரை, பருப்பு, மீன் கூட்டுங்கள். வேலைக்காட்டில் நடப்பவர்களுக்கு நடை குறைவில்லை. தொழிற்சாலையில் ஒரே இடத்தில் வேலை செய்யும் பெண்கள் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். டாக்டர் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தால், "எனக்குத்தான் சர்க்கரை நோய் இல்லையே" என்று ஒதுக்காதீர்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்யவே அது. யாரோ சொன்ன லேகியத்தை டாக்டரைக் கேட்காமல் உண்ணாதீர்கள். சில மருந்துகள் கல்லீரலையே கெடுக்கும்.

தாய்மார்களே, பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின் ஆவது இயல்பு. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்தால், "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று மூடி மறைக்காதீர்கள். மாமியார்மார்களே, மருமகளிடம் குழந்தை எப்போது என்று கேட்குமுன், "கிளினிக்குக்குப் போனாயா அம்மா, நானும் துணைக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். அவள் பிள்ளை பெறுவது மட்டுமல்ல, நெடுநாள் நலமாய் வாழ்வதும் நமக்கு வேண்டும் அல்லவா?