சேலை அலுமாரியும் மூன்று குரல்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாக்குழு எங்களுக்குத் தந்த தலைப்பு "தோல்வியை முதலாக்குதல்". அழகான தலைப்புத்தான். ஆனால் அதில் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம். மேடையில் ஒருத்திதான் நிற்கிறாள் என்றாலும் "நாங்கள்" என்றே பேசப்போகிறோம். இது ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்த மூன்று பேரின் கதை. ஒருத்தி அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், தன்னைப் பார்க்க வேண்டாம் என்று கண்ணால் சொல்கிறாள். மற்றவள் ரொறன்ரோவில் இருந்து கைத்தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே இப்போது நடுச்சாமம் கடந்துவிட்டது.

எங்கள் வயதுக்காரருக்கு வானொலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சைக்கிள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கதைக்கும். சுற்றுகிறவரின் கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்துப் போகும். "விடாதை, சுத்து, சுத்து" என்று பெரியவர்கள் கத்துவார்கள். பிபிசி தமிழோசையில் பேசிய ஆனந்தி அக்காவை நாங்கள் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் அவர் சொன்னால் வீட்டில் நம்பினார்கள். முகம் தெரியாத ஒரு குரலை ஊரே நம்பும் என்பதை நாங்கள் படித்தது அந்தச் சைக்கிளடியில்தான். "பேர்சனல் பிராண்டிங்" என்ற சொல் எங்கள் காதில் விழுவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்தோம். பிறகு திரும்பி வந்தோம், படித்தோம், பிரிந்தோம். அந்தக் கதை இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

2022க்கு வருகிறோம். அந்த வருடம் எங்கள் மூவருக்கும் சரிவுதான். ஒருத்தி வீட்டிலே பிறந்தநாள், கலியாணக் கேக் செய்து விற்று வந்தவள். மா விலை ஏறியது, பட்டர் கிடைக்கவில்லை, கடைசியில் காஸ் சிலிண்டரும் இல்லை. விறகடுப்பில் மூன்று தட்டுக் கலியாணக் கேக் செய்ய முடியாது. முற்பணம் வாங்கியிருந்த ஓடர்களுக்குத் தன் காப்பை அடகு வைத்துக் காசைத் திருப்பிக் கொடுத்தாள். கனடாவில் இருப்பவள் அந்த வருடம் தனியாக வாழத் தொடங்கினாள். அதைப்பற்றி இதற்கு மேல் சொல்லமாட்டோம், காரணம் பின்னால் வரும். மூன்றாமவள் வைத்தியர், இந்த மைக்கின் முன் நிற்பவள். நிபுணத்துவப் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றவள். பின்னேரங்களில் ஒரு சின்னக் கிளினிக் நடத்தினாள். பெற்றோல் இல்லாமல் நோயாளரும் வரமுடியவில்லை, வைத்தியரும் போகமுடியவில்லை. அதையும் பூட்டினோம்.

மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அந்த நாட்களில் நோயாளர்கள் தொலைபேசியில் திரும்பத்திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: "டொக்டர், பிறிட்ஜ் வேலை செய்யேல்லை. இன்சுலினை எங்கை வைக்கிறது?" நாற்பது தரம் ஒரே பதிலைச் சொல்லிக் களைத்த ஒரு இரவு, அதைக் கைத்தொலைபேசியில் ஏழு நிமிடத்துக்குப் பதிவு செய்தோம். பாவனையில் இருக்கும் இன்சுலின், பெரும்பாலான வகைகள், 30 பாகைக்கு மேற்படாமல் இருந்தால் ஏறத்தாழ நான்கு கிழமைக்குப் பழுதாகாது. திறக்காத போத்தல்தான் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். பெரிய மண்பானைக்குள் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, மேலே ஈரத்துணி, காற்றோட்டமான நிழல். போத்தலை ஐஸ்கட்டியில் முட்டவைக்கக் கூடாது, உறைந்த இன்சுலினைப் பாவிக்கவும் கூடாது. இவ்வளவுதான் சொன்னோம். வட்ஸ்அப்பில் போட்டோம். நான்காம் நாள் மன்னாரில் இருந்து ஒருவர் அதே பதிவை எங்களுக்கே அனுப்பி, "இது நல்ல தகவல், கேட்டுப் பாருங்கோ" என்றார்!

அப்படித்தான் எங்கள் பொட்காஸ்ட் தொடங்கியது. 2004இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையாளர் உண்டாக்கிய சொல் அது. ஐபொட் என்ற கருவியின் பெயரையும் ஒலிபரப்பு என்ற சொல்லையும் ஒட்டவைத்தது. நாங்கள் செய்வதற்கு அப்படியொரு பெயர் இருக்கிறது என்பதே எங்களுக்கு மூன்றாவது பதிவின் பிறகுதான் தெரியும். எங்கள் நிகழ்ச்சியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இது சங்க மேடை, விளம்பரப் பலகை அல்ல.

கலையகம் எங்கே என்று கேட்கிறார்கள். சேலை அலுமாரி. கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்குள் தலையை விட்டுப் பேசினால் எதிரொலி வராது. அம்மாவின் கூறைச் சேலைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. பதிவை ரொறன்ரோவுக்கு அனுப்புவோம். இங்கே மின்சாரம் இல்லாத நேரம் அவள் அங்கே இருமலையும் நாய் குரைத்ததையும் வெட்டி, ஒழுங்காக்கி, ஏற்றிவிடுவாள். தனியாக இருந்த அந்த இரவுகளில் எங்கள் குரல் காதுக்குள் இருந்தது தனக்கு மருந்து என்று பிறகொருநாள் சொன்னாள்.

அவள்தான் எங்களுக்கு அமெரிக்க நகைச்சுவையாளர் மார்க் மரோனின் கதையைச் சொன்னவள். 2009இல் வானொலி வேலை போய், மணவாழ்வும் முறிந்து, கையில் ஒன்றுமில்லாத நேரம் பொட்காஸ்ட் தொடங்கினார். பிறகு தன் வீட்டுக் கராஜில் இருந்தே பதிவு செய்தார். 2015 யூனில் பதவியில் இருந்த ஜனாதிபதி ஒபாமா அந்தக் கராஜுக்கு வந்திருந்து பேசினார். மரோன் தன் குடி, தன் பொறாமை, தன் தோல்வி எல்லாவற்றையும் திறந்து பேசுகிறவர். எங்களுக்கு ஆசை வந்தது. திறந்து பேசினால் ஆட்கள் கேட்பார்கள் என்று விளங்கிக்கொண்டோம். ஆனால் யாருடைய கதவைத் திறக்கிறோம் என்பதை யோசிக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு பதிவில், பிள்ளை பிறந்தபின் மனச்சோர்வுக்கு ஆளான ஒரு தாயின் கதையைச் சொன்னோம். பெயரை மாற்றினோம், வயதை மாற்றினோம், பிள்ளையைப் பெடியனாக்கினோம். அதுவரை எங்களுடைய எந்தப் பதிவையும் அவ்வளவு பேர் கேட்டதில்லை. பத்தாம் நாள் அந்தத் தாய் வைத்தியரைத் தேடி வந்தாள். இருக்கச் சொன்னபோது இருக்கவில்லை. "என்ர பேரைச் சொல்லேல்லை எண்டு நீங்கள் நினைக்கிறியள் டொக்டர். எங்கட ஒழுங்கையிலை எல்லாருக்கும் விளங்கியிட்டுது. மாமி கேட்டவ" என்றாள்.

அன்றே பதிவை நீக்கினோம். ஆனால் வட்ஸ்அப்பில் போனதை எப்படி நீக்குவது? வானொலியில் சொன்னது காற்றோடு போய்விடும், இது போகாது. மாதக்கணக்கில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மாமியும் இருந்தா. தேத்தண்ணி தந்தார்கள். மன்னித்தாளா என்று தெரியாது. தேத்தண்ணி தந்தாள், அவ்வளவுதான். வைத்தியர் ஒருவர் செய்யக்கூடாத காரியம் அது. முதல் வருடத்திலேயே படித்த பாடத்தை நாற்பது வயதில் மறந்திருந்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒன்றும் பதியவில்லை. திரும்பத் தொடங்கியபோது ஒரு தீர்மானம் எடுத்தோம்: இனிச் சொல்வதென்றால் எங்கள் கதை மட்டும். அப்படித்தான் பரீட்சையில் இரண்டு தரம் தோற்ற கதை வெளியே வந்தது. பெறுபேறு வந்த நாளில் வீட்டில் சொல்லாமல் கோயில் வீதியில் இரண்டு மணித்தியாலம் நடந்தது, கூடப் படித்தவர்களின் கலியாணங்களுக்குப் போகாமல் தவிர்த்தது, எல்லாம். வைத்தியர் தோற்றதைக் கேட்டால் நோயாளர் விட்டுவிடுவார்கள் என்று பயந்தோம். வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள், உயர்தரத்தில் சறுக்கிய பிள்ளைகளை.

அப்போது கனடாக்காரியின் கதையையும் சொல்லலாமே என்று கேட்டோம். அந்தக் கதைக்குத்தான் ஆட்கள் அதிகம் வருவார்கள் என்று எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "அது என்ர கதை மட்டுமில்லை, என்ர பிள்ளையளின்ர கதையும்தான்" என்றாள். அதோடு விட்டோம். தலைப்பில் எங்களுக்கு மனக்குறை என்று சொன்னோமே, அது இதுதான். தோல்வி முதல் அல்ல. அதை விற்க வெளிக்கிட்டால் அடுத்த தோல்வியையும் தேடவேண்டி வரும், அல்லது அயலவளின் தோல்வியை எடுக்கவேண்டி வரும். சரிந்துகிடந்த காலத்தில் கைபழகிய வேலை ஏதாவது இருந்தால், அதைத்தான் முதல் என்று சொல்லலாம்.

கனடாக்காரிக்கு ஒலியைத் திருத்தக் கைபழகியிருந்தது. இன்று மற்றவர்களின் நிகழ்ச்சிகளையும் ஒலிப்புத்தகங்களையும் திருத்திக்கொடுத்து உழைக்கிறாள். கணக்காளர் வேலையைப் பாதி நேரமாக்கிவிட்டாள். கேக்காரிக்கு, பட்டரும் காஸும் இல்லாத நாட்களில் குரக்கனிலும் ஒடியல் மாவிலும் கைபழகியது. நிகழ்ச்சியில் அவள் சமையல் சொல்லத் தொடங்க, மாவைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குசினியைப் பார்த்தார். இன்று ஐந்து பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.

வைத்தியருக்கு அதில் பங்கு இல்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். வைத்தியர் தன்னைத்தானே விளம்பரப்படுத்துவதை இலங்கை மருத்துவச் சபையின் ஒழுக்கநெறி ஏற்பதில்லை. அதனால் கிளினிக்கின் பெயரையோ இடத்தையோ நிகழ்ச்சியில் சொல்வதில்லை. கேக்காரியின் மாவை வாங்கச் சொல்வதும் இல்லை. ஒருமுறை இதற்கு நேர்மாறாகவே நடந்தது. குரக்கன் பிட்டு எவ்வளவு சாப்பிட்டாலும் சீனி ஏறாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அது பிழை, குரக்கனும் மாச்சத்துத்தான், அளவு முக்கியம் என்று வைத்தியர் சொன்னார். சொன்னது கேக்காரியின் நிகழ்ச்சியில், அவளுடைய புதுப் பைக்கற் கடைக்குப் போன கிழமையில். அவள் மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஓடர்களும் குறைந்தன. பிறகு அவளாகவே ஒவ்வொரு பைக்கற்றிலும் ஒரு நேரத்துக்கு எவ்வளவு என்று அச்சடித்தாள். "உங்கடை பைக்கற்றிலை உள்ளதைச் சொல்லியிருக்கு, அதாலை வாங்கிறன்" என்று ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் எழுதிய கடிதத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஊரில் "நல்ல பேர்" என்பார்களே, அது இப்படித்தான் வருகிறது போலும். ஒரு கிழமை கசந்துதான் வந்தது.

தொடங்க விரும்பும் தங்கைமாருக்குச் சில நடைமுறை விசயங்கள். நிகழ்ச்சியால் நேரடியாக வரும் வருமானத்தை நம்பவேண்டாம். யூரியூப்பில் விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரரும் ஒரு வருடத்துக்குள் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும், எங்களுக்கு அதற்கே இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. நாங்கள் தொடங்கிய காலத்தில் பேபாலால் இலங்கையில் இருந்து காசு அனுப்பலாம், பெற முடியாது. அதனால் வெளிநாட்டுக் காசு வரும் வழியை முதலிலேயே வங்கியில் கேட்டு வையுங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். எங்களுக்கு வெள்ளி மாலை. ஒருமுறை பிந்தியபோது பருத்தித்துறையில் இருந்து ஒரு அம்மா, "பிள்ளையளுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டு எடுத்தா. மலிவான சட்டைப் பட்டி மைக் போதும், வாங்குவதற்கு முன் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூலகத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் இரண்டு மைக்கும், மூன்றாவது வரிசைக்காரியின் ஆறு சேலைகளும் தொங்கவிட்டிருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணிவரை திறந்திருக்கும். விடுதியில் இருந்த அக்காமார், இடம்பெயர்ந்த நாளில் பாடசாலை இடாப்பைச் சைக்கிளில் கொண்டுபோன ரீச்சர், எல்லோரும் வந்து பத்து நிமிடம் பேசுங்கள். உங்கள் கதையை மட்டும். கேட்டுப் பார்த்து நீங்கள் சம்மதித்த பிறகே சங்கத்தின் சேமிப்பில் வைப்போம். வேண்டாம் என்றால் உங்கள் கண்முன்னாலேயே அழிப்போம். ரொறன்ரோக்காரி நித்திரை கொள்ளாமல் காத்திருக்கிறாள், முதல் பதிவை இன்றைக்கே அனுப்பச் சொன்னாள்.